58 வயதில் கராஜைப் பூட்டுவதா, புதிதாய்ப் படிப்பதா?

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். முக்கியமான இடங்களை மட்டும் தருகிறேன்.

"தம்பி, எனக்கு 58 வயது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. 15 வயதில் கிளிநொச்சியில் ஒரு கராஜில் வேலை பழகச் சேர்ந்தேன். தண்ணி பம்பும் லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினும் திருத்துவதுதான் தொழில். 2009இல் சாமான் பெட்டியோடு எல்லாம் போய்விட்டது. 2010இல் திரும்பி வந்து ஒரு தறப்பாளுக்குக் கீழே மறுபடி தொடங்கினேன். மகன் பிரான்சில், மகள் கலியாணம் முடித்து வவுனியாவில். மனைவிக்குச் சீனி வருத்தம். எனக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது, முழங்காலும் ஏலாது. வேலை பழக வருகிற பெடியள் ஆறு மாதம் தாண்டி நிற்பதில்லை, இந்தக் காலப் பெடியளுக்குப் பொறுமை இல்லை. இப்போது வெயிலில் ஓடும் சோலர் பம்ப் வருகிறது, அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வரச் சொன்னார்கள். பிறகு சான்றிதழ் இல்லை என்று விட்டுவிட்டார்கள். மகன் 'போதும் அப்பா, பூட்டிப்போட்டு வீட்டில இருங்கோ, நான் அனுப்புறன்' என்கிறான்.

போன கிழமை ஒரு பம்ப் வந்தது. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நிற்கிறதாம். வேறு ஒரு இடத்தில் கார்பரேட்டரை மூன்று முறை கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். நான் எண்ணெய்த் தாங்கியின் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன், நிற்காமல் ஓடியது. இந்த அறிவை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. ஆனால் இந்த வயதில் புதிதாய் என்னத்தைப் படிக்கிறது? நீங்கள் சொல்லுங்கோ."

அன்புள்ள அண்ணை,

கராஜைப் பூட்டாதீர்கள். ஆனால் இதுவரை நடத்தியது போலவே இனியும் நடத்தாதீர்கள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். மாங்குளம், மல்லாவி, பூநகரி என்று பல இடங்களிலிருந்து மேசன்மார், தச்சர், தையல் செய்யும் அம்மாமார் இதே கேள்வியை வேறு வேறு சொல்லில் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பதில் அவர்களுக்கும்தான்.

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் எட்டுப் பேருக்கு ஒருவர் 60 வயதைத் தாண்டியிருந்தார். 2024 மதிப்பீட்டில் எட்டுப் பேருக்கு ஒருவர் 65ஐத் தாண்டியிருக்கிறார். இடையில் போனது பன்னிரண்டு வருடம்தான். வன்னியில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. போர் எங்கள் ஆட்களில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மிஞ்சிய இளம் பிள்ளைகளில் கொஞ்சப் பேர் கொழும்பு, கொஞ்சப் பேர் வெளிநாடு. உங்கள் கராஜுக்குப் பம்ப் கொண்டுவருகிறவர்களை ஒரு கிழமை எண்ணிப் பாருங்கள். 50 வயதுக்குக் கீழே எத்தனை பேர்? கமம் செய்கிறவரும் வயதானவர், அவருடைய மெசினைத் திருத்துகிறவரும் வயதானவர். நீங்கள் பூட்டினால் அந்தப் பம்புகளை ஓட்டோவில் ஏற்றிக் கிளிநொச்சி டவுனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். காசும் செலவு, ஒரு நாள் மினக்கேடும். சிறுபோக வெயிலில் மிளகாய்க் கன்று இரண்டு நாள் தண்ணி இல்லாமல் நின்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அரச உத்தியோகத்தர் 60 வயதில் ஓய்வு பெறவேண்டும் என்று 2023 தொடக்கத்திலிருந்து நடைமுறை. தனியார் துறையிலும் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் 60 வயதுக்கு முன் யாரையும் வயதைக் காட்டி நிறுத்த முடியாது என்று 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. ஓய்வு வயதும் இல்லை, ஈ.பி.எஃப். காசும் இல்லை. அப்படியானால் உங்களுக்கான ஓய்வு வயதை நீங்களே தீர்மானிக்கலாம். ஒரே நாளில் பூட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிழமையில் ஆறு நாள் திறந்த கராஜை நாலு நாள் ஆக்கலாம், பிறகு மூன்று நாள். பாரமான வேலையை விட்டு நுணுக்கமான வேலையை வைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் 1975இல் டோக்கியோவில் தொடங்கி, வேலையிலிருந்து ஓய்ந்தவர்களுக்கு அரை நாள், கால் நாள் வேலை பிடித்துக் கொடுக்கும் நிலையங்களை நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அது இல்லை. ஆனால் அந்த யோசனையை எடுத்து நடத்த ஒரு கராஜ் போதும்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். 58 வயதில் படிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். புதிய விஷயத்தை வேகமாய்ப் பிடிக்கும் சக்தி வயதோடு குறைவது உண்மை, அதை நான் மறைக்கவில்லை. 20 வயதுப் பெடியன் ஒரு நாளில் பிடிப்பது உங்களுக்கு மூன்று நாள் எடுக்கலாம். ஆனால் பழகி, பட்டு, கண்டு சேர்த்த அறிவு அப்படிக் குறைவதில்லை. அறுபதுகளிலும் அது நின்றுபிடிக்கிறது. புதிய விஷயம் இந்தப் பழைய அறிவில் வந்து ஒட்டிக்கொண்டால் வயதானவருக்கும் படிப்பு ஏறும். ஒட்ட இடமில்லாத படிப்புத்தான் ஏறாது. உங்களைக் கொண்டுபோய் ஒரு வகுப்பில் இருத்தி இயற்பியல் சொல்லித்தந்தால் தலையிடிதான் வரும். ஒரு சோலர் பம்பைக் கழற்றி வாங்கில் வைத்தால் அரைவாசி உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததாக இருக்கும். தண்ணியை உறிஞ்சித் தள்ளும் பகுதி, சீல், பெயரிங், உள்ளே இழுத்த மண், எல்லாம் பழைய சொந்தக்காரர்கள். மாறியது மோட்டாரும் மின்சாரமும்தான்.

அந்தத் தாங்கி மூடியை எடுத்துக்கொள்வோம். மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை இருக்கும். எண்ணெய் கீழே இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். புழுதியில் அது அடைபட்டால் தாங்கிக்குள் காற்று இல்லாமல் எண்ணெய் இறங்க மறுக்கும், பத்து நிமிடத்தில் மெசின் நிற்கும். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அடித்தால் மறுபடி ஓடும். அதனால்தான் எல்லாரும் கார்பரேட்டரைப் பிடிக்கிறார்கள். உங்கள் கை நேராக மூடிக்குப் போனது. சரி, அன்று உங்களோடு நின்ற பெடியனுக்கு அது ஏன் என்று சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கேதான் உங்களுடைய மூன்று பிரச்சினையும், சான்றிதழ், பெடியள், புதிய படிப்பு, ஒன்றாய்க் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

சான்றிதழைப் பார்ப்போம். தேசிய தொழிற்தகைமை, அதுதான் எல்லாரும் என்.வி.கியூ. என்று சொல்வது, ஏழு மட்டம் கொண்டது. கைத்தொழில் தெரிந்த ஒருவர் வகுப்புக்கே போகாமல், தனக்குத் தெரிந்ததைச் செய்து காட்டி அதன் மூன்றாம், நான்காம் மட்டங்களைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். நைற்றா என்று நாங்கள் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் எடுக்கலாம். ஓ.எல். கேட்க மாட்டார்கள். உங்கள் வேலைக்கான அத்தாட்சிகளைக் கோவையாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர் நேர்முகம் கேட்டு, செய்முறையும் பார்ப்பார்.

"அத்தாட்சிக்கு எங்கே போவேன், எல்லாம் முள்ளிவாய்க்காலோடு போச்சு" என்பீர்கள். வன்னியில் என்னிடம் வந்த ஒவ்வொருவரும் இதைத்தான் சொன்னார்கள். பழைய கடதாசி இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறது. இந்த மாதம் முழுக்கத் திருத்துகிற ஒவ்வொரு பம்பையும் போனில் மூன்று படம் எடுங்கள்: வந்த கோலத்தில் ஒன்று, கழற்றி வைத்தபடி ஒன்று, ஓடும்போது ஒன்று. உங்களிடம் வருடக்கணக்காய் வருகிற நாலைந்து கமக்காரரிடம் கையெழுத்தோடு ஒரு சிறு கடிதம் வாங்குங்கள். கமக்கார அமைப்பின் செயலாளரிடம் ஒன்று, கிராம அலுவலரிடம் ஒன்று. பற்றுச்சீட்டு எழுதும் பழக்கம் இல்லையென்றால் இன்றே ஒரு பில் புத்தகம் வாங்குங்கள்.

நல்ல கைகாரர்கள் இந்த மதிப்பீட்டில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கழற்றிப் பூட்டுவதில் ஒரு பிழையும் விடமாட்டார்கள். "ஏன் இந்த இடைவெளி விட்டீர்கள்?" என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். "அது அப்படித்தான் விடுறது" என்பார்கள். கை அறிந்ததை வாய் சொல்லிப் பழகவில்லை. அளவைக் கருவியால் பார்க்காமல் கண்மட்டத்தில் விடுவது இன்னொன்று. செருப்போடு நிற்பது, பெற்றோலுக்குப் பக்கத்தில் பீடி, அதற்கும் புள்ளி போகும். இதற்கெல்லாம் ஒரே பயிற்சிதான். ஒரு பழகுநரைப் பக்கத்தில் நிறுத்தி, செய்வதைச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். மூன்று மாதம் அப்படிச் செய்தால் மதிப்பீட்டாளர் உங்களுக்கு இன்னொரு பெடியன் மாதிரித்தான் தெரிவார்.

அங்கேதான் பெடியள் நிற்பதில்லை என்ற கதை வருகிறது. அண்ணை, இதில் நான் உங்களோடு உடன்படவில்லை, நேராகவே சொல்கிறேன். பொறுமை இல்லை என்பது பாதிக் காரணம்கூட இல்லை. நான் 17 வயதில் ஒரு வேலைத்தளத்தில் பழகப் போனவன். எட்டு மாதம் சாமான் கழுவினேன், தேத்தண்ணி வாங்கினேன். எஞ்சின் வால்வுக்கு விடும் சின்ன இடைவெளி, அதுதான் டெப்பட் இடைவெளி, அதை விடும் நேரம் வந்தால் முதலாளி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிவார். சில நேரம் "கடைக்குப் போய் வா" என்பார். ஒரு நாள் வேண்டுமென்றே மெதுவாய் நடந்து திரும்பிப் பார்த்தேன். இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் ஒரு மெல்லிய தகட்டை வால்வுக்கு மேலே செருகி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம். ஐந்து நிமிடத்தில் காட்டியிருக்கலாம். அவரைக் குறை சொல்லவில்லை, தொழிலைக் காட்டினால் எதிரே கடை போட்டுவிடுவான் என்று பயந்த காலம் அது. ஆனால் நான் அந்தத் தொழிலில் நிற்கவில்லை.

இன்றைக்கு எதிரே கடை போட ஆள் இருந்தால் நாங்கள் சந்தோஷப்பட வேண்டும். உங்களிடம் வரும் பெடியனுக்கு முன்னால் எத்தனையோ கதவு இருக்கிறது. வெளிநாட்டு ஏஜென்சி, ஓட்டோ லீசிங், கொழும்பில் கட்டட வேலை. அவன் உங்களிடம் நிற்க வேண்டுமென்றால் முதல் மாதத்திலிருந்தே ஒரு சம்பளம் வேண்டும், சின்னதாய் இருந்தாலும் சரி, திகதி தவறாமல். எத்தனை மாதத்தில் எதைப் பழகுவான் என்று ஒரு கொப்பியில் எழுதி அவன் கையிலேயே கொடுங்கள். முடிவில் ஒரு சான்றிதழும் இருக்க வேண்டும். நைற்றாவில் போகும்போது, உங்கள் கராஜையே பயிலுநர் பழகும் இடமாகப் பதியலாமா என்றும் கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் வேலைத்தளப் பயிற்சிக்கு இடம் தேவை.

பெடியன் என்றே எழுதுகிறேன், பெட்டையும் வரலாம். எத்தனை வீட்டில் பெண்கள் தனியே கமம் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒரு வகுப்பு வைத்தால் என்ன? பிளக் துடைப்பது, உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வைப் பார்ப்பது, பெற்றோலில் அடித்துச் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, மூடி ஓட்டையைக் குத்திவிடுவது. ஆளுக்கு ஒரு சிறு தொகை வாங்குங்கள், இலவசமாய்ச் செய்யாதீர்கள். மாதர் சங்கத்தில் சொன்னால் ஆள் சேரும். சின்னச் சின்னப் பழுதுக்கு அவர்கள் வராமல் விட்டால் வருமானம் குறையுமே என்று யோசிக்க வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு அது நல்லது.

சோலர் பம்பைப் பற்றி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாய் 340 ரூபாவுக்கு ஏறியது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த அடியோடுதான் பலர் வெயிலைப் பார்க்கத் தொடங்கினார்கள். சோலர் பம்ப் இன்னும் கூடும். ஆகவே இதைப் படிக்காமல் விட்டால் பத்து வருடத்தில் உங்கள் கராஜுக்கு வேலை குறையும், பெடியனுக்கும் எதிர்காலம் இருக்காது. தொடக்கம் மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீற்றரோடு. முதல் மாதம் வேறு ஒன்றும் வேண்டாம், வீட்டு பற்றரி, லான்ட்மாஸ்டர் விளக்கு, டோர்ச், கண்டதையெல்லாம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இரண்டாம் மாதம் பனல், வெயிலை மின்சாரமாக்கும் தகடு. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய கை இங்கேதான் ஏமாறும். மெசினை நிறுத்தினால் மெசின் நின்றுவிடும் என்பது உங்கள் நாற்பது வருடப் பழக்கம். பனலை அப்படி நிறுத்த முடியாது. வெயில் இருக்கும்வரை அந்தக் கம்பியில் மின்சாரம் நிற்கும். ஒரு பனல் சுமார் 40 வோல்ட், பத்தைத் தொடராய்க் கோர்த்தால் 400. அதுவும் நேர்மின்னோட்டம், ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியை இழுத்துப் பிரித்தால் நெருப்புப் பொறி நீண்டு பிடிக்கும். முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேற்றர் சுவிட்சை நிறுத்தி, மீற்றரால் பார்த்து, பிறகுதான் கை. இதைத் தெரிந்தவர் ஒருவரோடு நின்று பழகாமல் தனியே தொடாதீர்கள்.

இங்கிலீஷ் கையேடு, யூடியூப் எல்லாம் பெடியன் பார்க்கட்டும். அவன் வாசித்துச் சொல்ல, நீங்கள் கழற்றிக் காட்ட, இருவருக்கும் அது வகுப்பு. படித்ததை அன்றைக்கே நாலு தடவை பார்ப்பதை விட, அடுத்த நாள் ஒருக்கால், ஒரு கிழமை கழித்து ஒருக்கால் என்று திரும்பப் பார்த்தால் மனதில் நிற்கும். 20 வயதுக்காரருக்கும் அப்படித்தான்.

உடம்பைப் பற்றிக் கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். 60 வயதில் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் மூன்றில் ஒன்று அளவுதான். கையும் மூளையும் பழுதில்லை, வெளிச்சம் போதவில்லை. வாங்குக்கு மேலே இரண்டு நல்ல எல்.ஈ.டி. விளக்குப் போடுங்கள். அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போங்கள், அப்படியே உங்கள் சீனியையும் பாருங்கள், அது மனைவிக்கு மட்டும்தான் என்று இருக்காதீர்கள். நிலத்தில் குந்தியிருந்து வேலை செய்வதை நிறுத்தி, பம்பை இடுப்பு உயர வாங்கில் வையுங்கள். எஞ்சின் தூக்க ஒரு செயின் புளொக் வேண்டும். ஜேர்மனியில் டிங்கோல்பிங் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ. கார்த் தொழிற்சாலை 2007இல் ஒரு வேலை செய்தது. பத்து வருடம் கழித்துத் தங்கள் தொழிலாளருக்குச் சராசரி 47 வயது ஆகும் என்று கணக்குப் பார்த்து, அந்தச் சராசரியில் 42 பேரை ஒரு பிரிவில் நிறுத்தினார்கள். அவர்களிடமே கேட்டுக் கேட்டு எழுபது சின்ன மாற்றம் செய்தார்கள்: மரத்தளம், உட்கார்ந்து செய்ய நாற்காலி, பூதக்கண்ணாடி, இப்படி. ஒரு வருடத்தில் வேலை 7 சதவீதம் கூடியது. செலவும் பெரிதில்லை.

இந்த விளக்கு, வாங்கு, செயின் புளொக், மல்டிமீற்றர் பட்டியலை மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "வீட்டில இருங்கோ" என்பது அன்பில் சொன்ன சொல். அங்கே குளிரில் வேலை செய்கிறவனுக்கு இங்கே அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிற படம்தான் கண்ணுக்குள் நிற்கும். அதனால் சொல்கிறான். மாதம் மாதம் சாப்பாட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஒருமுறை இதற்கு அனுப்பச் சொல்லுங்கள். இதெல்லாம் வந்து பொருத்திய பிறகு வாங்கில் நீங்கள் நிமிர்ந்து நின்று வேலை செய்கிற படத்தை அவனுக்கு அனுப்புங்கள்.

பிரதேச செயலகத்துக்குப் போகிற நாளில் சமூகப் பாதுகாப்புச் சபையின் உத்தியோகத்தரையும் பாருங்கள். சுயதொழில் செய்கிறவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, 60 வயதுக்கு முன் சேர வேண்டும். உங்களுக்கு அதில் பெரிதாய் வராது, ஆனால் வேலைக்கு வரும் பெடியனை முதல் வருடத்திலேயே சேர்த்துவிட்டால் அவனுக்கு 40 வருடம் இருக்கிறது.

படங்களும் கடிதங்களும் சேர்ந்ததும் கோவையை எனக்கு ஒருமுறை காட்டுங்கள். கொடுப்பதற்கு முன் குறை இருந்தால் சொல்கிறேன். நேர்முகத்துக்கு முதல் நாள் போன் எடுங்கள், அந்தத் தாங்கி மூடியைப் பற்றி நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லிப் பாருங்கள்.